ஆகாசகங்கையும் கடப்பாரையும்

ஸ்ரீ:
ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

திருவாய்மொழியில் மூன்றாம் பத்தின் மூன்றாம் திருவாய்மொழி திருவேங்கடமுடையான் விஷயமானது. அதில் நம்மாழ்வார் ப்ரார்த்திப்பது கைங்கர்யத்தை. எல்லாக் காலத்திலும், எல்லா இடத்திலும், எல்லா நிலைகளிலும், எல்லா வகைப்பட்ட அடிமையும் செய்ய வேணும் என்பதே அவர் திருவுள்ளம் என்று நம் பூர்வாசார்யர்கள் வ்யாக்யானங்களில் விரித்தருளினர். இந்த நான்கில் ஆழ்வார் முதலில் கேட்பது காலத்தை. காலம் கையில் இல்லாதவனுக்கு இடம் இருந்தும் பயனில்லை, உடல் வலிமை இருந்தும் பயனில்லை அன்றோ?

ஆழ்வார் ஆசைப்பட்ட அந்தக் காலத்தை, இன்று நம் அகங்களில் நிறைந்திருக்கும் வசதிகள் நமக்குத் தருகின்றனவா, நம்மிடமிருந்து பறிக்கின்றனவா? இவற்றால் வாழ்க்கை எளிதாயிற்றா, சிக்கலாயிற்றா? இக்கேள்வி எழாத குடும்பம் இன்று இராது. முதியோர் ஒன்று சொல்கிறோம், இளையோர் வேறொன்று சொல்கிறார்கள். ஆழ்வார் பாடிய அந்தத் திருமலையிலேயே இதற்கு விடை கிடைக்கிறது என்பதை விண்ணப்பிக்கவே இக்கட்டுரை.

நம் தகப்பனார் காலத்தில் திருவாராதனத்துக்கு வேண்டிய தீர்த்தத்தைக் கிணற்றிலிருந்து இறைக்க வேண்டும். தாயார் விறகடுப்பில் தளிகை செய்வார். அரிசியில் கல் பொறுக்குவதும், உளுந்தைக் கல்லுரலில் ஆட்டுவதும், சந்தனக் கட்டையைக் கல்லில் இழைப்பதும் கையால் நடந்தவை. விடியற்காலை நாலரை மணிக்குத் தொடங்கினால்தான் ஒன்பது மணிக்குள் பெருமாள் அமுது செய்து, தகப்பனார் அலுவலுக்குப் புறப்பட இயலும். மழை நாளில் ஈர விறகு புகைந்து தாயாரின் கண்கள் சிவந்திருந்ததை நாம் மறக்கவில்லை. அந்தப் புகையை இன்று நாம் பொற்காலத்தின் அடையாளமாகப் புகழ்ந்தால், அது அதில் கண்ணெரிந்தவர்களுக்குச் செய்யும் அபசாரமாகும்.

இன்று பொத்தானை அழுத்தினால் மேல்தொட்டி நிரம்புகிறது. எரிவாயு அடுப்பு இருக்கிறது, குக்கர் இருக்கிறது, கிரைண்டர் இருக்கிறது. நம் கணக்கில் நாளொன்றுக்கு இரண்டு மணி நேரமாவது மிச்சம். அப்படியானால் திருவாராதனம் இரண்டு மணி நேரம் நீண்டிருக்க வேண்டுமே! நம் அகத்தில் அது பதினைந்து நிமிஷமாகச் சுருங்கியிருந்தது.

வங்கியில் பேரேடு எழுதிய பழக்கம் எளிதில் விடுவதில்லை. ஒரு கணக்கில் பற்று விழுந்தால் மற்றொரு கணக்கில் வரவு விழுந்தே தீர வேண்டும். மிச்சமான இரண்டு மணி நேரம் எங்கே வரவாயிற்று? பணி ஓய்வு பெற்ற சில மாதங்களுக்குப் பின், ஒரு வாரம் முழுதும் அரைமணிக்கொரு முறை நாட்குறிப்பில் குறித்துக்கொண்டு வந்தோம். கைப்பேசியும் தன் பங்குக்குத் திரைநேரக் கணக்கு ஒன்றை வைத்திருந்தது. இரண்டையும் ஒப்பிட்டால், நாளுக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல் அதனோடேயே கழிந்திருக்கிறது. அதில் பாபம் என்று சொல்லத்தக்கது ஏதுமில்லை. பாகவதர்கள் அனுப்பிய புறப்பாட்டுப் படங்கள், உபந்யாஸத் துணுக்குகள், அவற்றை நாம் வேறு குழுக்களுக்கு அனுப்பியது, மின்கட்டணம் செலுத்த முயன்றது, கடவுச்சொல்லை மறந்தது, புதியதற்கு வந்த எண்ணை இடுவதற்குள் அது காலாவதியானது, மீண்டும் முயன்றது. இவ்வளவே. ஆயினும் ஆழ்வார் கேட்ட காலம் அங்கேதான் செலவாகியிருந்தது.

ஆகவே வசதிகள் யாவும் கேடு என்று தள்ளிவிடலாமா? அப்படித் தள்ளுவதற்கு முன் திருமலை நம்பிகளின் வைபவத்தை நினைக்க வேண்டும்.

பெரிய திருமலை நம்பிகள் எம்பெருமானாருக்குத் திருத்தாய்மாமன். கீழ்த்திருப்பதியில் அவருக்கு ஸ்ரீராமாயணத்தின் ஆழ்பொருள்களை உபதேசித்தருளிய ஆசார்யர். அவர் திருவேங்கடமுடையானுக்குத் தீர்த்த கைங்கர்யம் செய்து வந்தார். பாபவிநாசத்திலிருந்து நாள்தோறும் குடத்தில் தீர்த்தம் சுமந்து வர வேண்டும். காட்டு வழி, மலைப் பாதை, போதாக்குறைக்கு முதுமை. ஒரு நாள் வேடன் ஒருவன் எதிர்ப்பட்டு, 'தாதா' என்றழைத்து, தாகத்துக்குத் தண்ணீர் கேட்டான். பெருமாளுக்கென்று எடுத்த தீர்த்தத்தைத் தருவதற்கில்லை என்று நம்பிகள் நடந்தார். வேடன் பின்னாலேயே வந்து, குடத்தில் துளையிட்டு நீரைப் பருகிவிட்டான். குடம் இலேசானதை உணர்ந்து திரும்பிப் பார்த்த நம்பிகள், இன்றைய கைங்கர்யம் போயிற்றே என்று கலங்கினார். வேடனோ, வருந்த வேண்டா என்று சொல்லி, மலையில் ஓர் அம்பை எய்தான். அங்கே அருவி பெருகிற்று. இனி இதிலிருந்தே தீர்த்தம் கொணரலாம் என்று சொல்லி மறைந்தான். அதுவே ஆகாசகங்கை என்றும், வேடனாக வந்தவன் திருவேங்கடமுடையானே என்றும் பெரியோர்கள் அருளிச்செய்வர். திருமலையில் அத்யயன உத்ஸவத்தை ஒட்டி நடைபெறும் தண்ணீரமுது உத்ஸவம் இந்த வைபவத்தைக் கொண்டாடுவதே.

கோயிலிலிருந்து பாபவிநாசம் தொலைவு, ஆகாசகங்கை அருகு. முதிர்ந்த அடியவரின் கால்வலியைப் பொறுக்காத பெருமான், தானே ஒரு வசதியைச் செய்து கொடுத்தான். எம்பெருமானே வசதி செய்து தருவான் என்றால், வசதி என்ற மாத்திரத்தில் அது தள்ளத்தக்கதாகாது.

ஆனால் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். மலையில் அம்பெய்து அருவியை வரவழைத்தவனுக்கு, அதைத் தன் ஸந்நிதி வாசலிலேயே வரவழைக்கத் தெரியாதா? அப்படிச் செய்திருந்தால் நம்பிகளுக்கு ஓய்வு கிடைத்திருக்கும், ஆனால் கைங்கர்யம் போயிருக்கும். ஆகவே பெருமான் வழியை மட்டும் சுருக்கினான். குடத்தை நம்பிகளின் தோளிலேயே விட்டுவைத்தான்.

அதே மலையில் நேர்மாறாகத் தோன்றும் மற்றொரு வைபவமும் உண்டு. அதுவும் நாம் எடுத்துக்கொண்ட திருவாய்மொழியிலிருந்தே தொடங்குகிறது. எம்பெருமானார் திருவரங்கத்தில் இத்திருவாய்மொழிக்குப் பொருள் அருளிச்செய்கையில், திருமலையில் மலர்கள் நிறைந்திருப்பதைச் சொல்லும் இடம் வந்தது. அங்கே சென்று நந்தவனம் அமைத்து, பெருமானுக்குப் புஷ்ப கைங்கர்யம் செய்வார் உண்டோ என்று கேட்டருளினார். திருமலையின் குளிரையும், அதைக் காட்டிலும் ஆசார்யனைப் பிரிந்திருக்க வேண்டியதையும் எண்ணி கோஷ்டி மௌனமாயிருந்தது. அனந்தாழ்வான் எழுந்து நின்றார். 'நீரே ஆண்பிள்ளை' என்று எம்பெருமானார் உகந்தருளியதால் அனந்தாண்பிள்ளை என்றே அவருக்குத் திருநாமமாயிற்று.

திருமலையில் நந்தவனத்துக்காக அவர் ஏரி வெட்டினார். தாம் மண்ணை வெட்ட, கருவுற்றிருந்த தேவிகள் கூடையில் சுமந்து கொட்டினார். சிறுவன் ஒருவன் வந்து தானும் உதவுவதாகச் சொன்னான். அனந்தாழ்வான் மறுத்தார். சிறுவன் அவர் அறியாமல் தேவிகளின் கூடையை வழியில் வாங்கிக்கொண்டு மண்ணைச் சுமந்தான். தேவிகள் சென்ற வேகத்தில் திரும்பி வருவதைக் கண்டு காரணம் அறிந்த அனந்தாழ்வான், கைக் கடப்பாரையை அவன்மேல் வீசினார். அது சிறுவனின் மோவாயில் பட்டது. ஓடி மறைந்த சிறுவன் யார் என்பது, ஸந்நிதியில் பெருமானின் திருமோவாயில் காயத்தைக் கண்டபோது தெரிந்தது. அந்தக் காயத்துக்கு இட்ட பச்சைக் கற்பூரம் இன்றும் அவன் திருமோவாயில் துலங்குகிறது. கடப்பாரை திருமலைக் கோயிலின் மஹாத்வாரத்தில் இன்றும் ஸேவையாகிறது.

நம்பிகளுக்கும் உதவி செய்ய வந்தவன் அவனே, அனந்தாழ்வானுக்கும் உதவி செய்ய வந்தவன் அவனே. ஒருவர் ஏற்றுக்கொண்டார், ஒருவர் கடப்பாரையை வீசினார். இருவரையும் ஸம்ப்ரதாயம் கொண்டாடுகிறது. இது முரணன்று. நம்பிகளுக்கு அளித்த உதவி கைங்கர்யத்துக்குச் செல்லும் வழியைச் சுருக்கிற்று. அனந்தாழ்வானுக்கு அளிக்க வந்த உதவியோ கைங்கர்யத்தையே கையிலிருந்து வாங்கிக்கொள்ளப் பார்த்தது. ஆசார்யன் நியமித்த சுமை தம்மோடும் தம் தேவிகளோடும் இருக்க வேண்டும் என்பதே அவர் உறுதி.

எல்லாவற்றையும் அவனே செய்து தலைக்கட்டுவான் என்று பாரதந்த்ர்யத்தைச் சொல்லும் நம் ஸித்தாந்தத்துக்கு இது பொருந்துமோ என்று சிலர் கேட்கக்கூடும். பொருந்தும். உபாயம் அவனே. அதில் நம் கை புகுதல் கூடாது. கைங்கர்யமோ உபாயமன்று, புருஷார்த்தம். அதில் நம் கை இல்லாவிடில் பேறே இல்லை. பசித்தவன் அரிசி வாங்க ஆளை அனுப்பலாம், சமைக்கவும் ஆள் வைக்கலாம். தனக்குப் பதிலாக உண்பதற்கு ஆள் அனுப்புவானோ?

இந்த ஓர் அளவுகோல் கையிலிருந்தால், நம் அகத்தில் உள்ள ஒவ்வொரு வசதியையும் சோதித்துப் பார்க்கலாம். இது வழியைச் சுருக்குகிறதா, குடத்தை வாங்கிக்கொள்கிறதா என்று மட்டும் கேட்டால் போதும்.

தண்ணீர் மோட்டார் வழியைச் சுருக்குகிறது. எரிவாயு அடுப்பும் அப்படியே. 1944ஆம் ஆண்டு திருமலைக்கு மலைப்பாதை திறந்தது. அதன் பயனாக, படியேற இயலாத எத்தனையோ முதியோர் பெருமானை ஸேவிக்கிறார்கள். அதனால் கூட்டம் பெருகி, வழி குறுகிய அளவுக்கு வரிசை நீண்டது உண்மையே. ஆனால் அந்த வரிசையில் நின்றபோது நாம் கண்டது ஒன்று உண்டு. கைப்பேசியை முன்பே ஒப்படைத்துவிட்டபடியால் கூடத்தில் யாருக்கும் கையில் வேலையில்லை. முதல் அரைமணி சலிப்பு. பிறகு ஒரு மூலையில் யாரோ கோவிந்த நாமம் சொல்ல, கூடமே சேர்ந்துகொண்டது. காத்திருந்த நேரம் வீண்போகவில்லை.

இனி மறுபக்கம். பெருமாள் ஸந்நிதியில் ஒலிக்கருவியில் ஸேவாகாலத்தை ஓடவிட்டு, நாம் பக்கத்து அறையில் வேறு வேலை பார்க்கிறோம் என்றால், குடம் கருவியின் தோளுக்குப் போய்விட்டது. கடல் கடந்த ஊரில், திவ்யதேசம் எதுவும் அருகில் இல்லாமல், பனி பெய்யும் காலையில் அதே ஒலியைக் கேட்டுக்கொண்டு தாமும் கூடச் சொல்லும் பாகவதருக்கோ அது ஆகாசகங்கை. கருவி ஒன்றுதான். நாம் கூடச் சொல்கிறோமா இல்லையா என்பதில் இருக்கிறது வேறுபாடு.

பதிவு செய்து வைப்பது நம் ஸம்ப்ரதாயத்துக்குப் புதிதன்று. நம்பிள்ளை திருவாய்மொழிக்குப் பொருள் அருளிச்செய்ததை வடக்குத் திருவீதிப்பிள்ளை பகலில் கேட்டு, இரவில் ஓலையில் எழுதி வைத்தார். அதுவே ஈடு முப்பத்தாறாயிரப்படி. படி என்பது 32 எழுத்துக்கள் கொண்ட அளவு. பெருக்கிப் பார்த்தால் பதினொரு லட்சத்து ஐம்பத்திரண்டாயிரம் எழுத்துக்கள். அவர் எழுதி வைத்திராவிடில் நம் கைக்கு ஈடு வந்திராது. ஆனால் அவர் கேட்ட பிறகு எழுதினார். சொல்லொன்றும் தப்பாமல் உள்ளத்தில் ஏற்றிக்கொண்டவரால்தான் இரவில் அதை ஓலையில் இறக்க முடிந்தது. நாமோ, பிறகு கேட்டுக்கொள்ளலாம் என்பதற்காகப் பதிவு செய்கிறோம். பதிவு ஆகிவிட்டது என்ற நிம்மதியில், கேட்கவேண்டும் என்ற தாபம் தணிந்துவிடுகிறது. நம் கைப்பேசியில் நூற்றுக்கணக்கான மணி நேர உபந்யாஸங்கள் சேர்ந்திருந்தன. அவற்றில் முழுதாகக் கேட்டவை விரல்விட்டு எண்ணத்தக்கவையே.

இதன் விளைவை நாம் உணர்ந்தது நம்மூர்த் திருக்கோயிலில், நம்மாழ்வார் சாற்றுமுறையை ஒட்டிய கோஷ்டியில். பல ஆண்டுகளாக அந்த கோஷ்டியில் அந்வயித்து வருகிறோம். முன்பெல்லாம் மடியில் புத்தகம் இருக்கும், பார்வை எப்போதாவது அதன்மேல் போகும். கைப்பேசியில் நாலாயிரமும் வந்த பிறகு புத்தகம் அகத்திலேயே தங்கிவிட்டது. அன்று மூன்றாம் பத்தில், இதே திருவேங்கடத் திருவாய்மொழி நடந்துகொண்டிருந்தபோது, ஏழாம் பாட்டில் கைப்பேசி மின்சக்தி தீர்ந்து அணைந்தது. அத்துடன் நம் வாயும் நின்றது. அடுத்த சொல் வரவில்லை. எத்தனையோ ஆண்டுகள் சொன்ன பாசுரம்! கண் மட்டுமே படித்துக்கொண்டிருந்தது, நெஞ்சு எப்போதோ வேலையை நிறுத்திவிட்டிருந்தது என்பது அந்த நொடியில் தெரிந்தது. பக்கத்தில் பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவன், ஸந்தையில் கற்றவன், கையில் ஏதுமில்லாமல் சொல்லிக்கொண்டிருந்தான். நாம் தடுமாறுவதைக் கண்டு, நம் பக்கம் சற்றே சாய்ந்து குரலை உயர்த்தினான். அவன் குரலைப் பற்றிக்கொண்டு அன்று கரையேறினோம்.

அகத்துக்குத் திரும்பும் வழியில் தகப்பனாரின் நினைவு வந்தது. கடைசி மூன்றாண்டுகள் அவருக்குக் கண் பார்வை இல்லை. கட்டிலில் படுத்தபடி, விடியற்காலையில் மெல்லிய குரலில் திருவாய்மொழி சொல்லிக்கொண்டிருப்பார். பார்வை போன குறையைத் தவிர அவருக்கு வேறு குறையிருந்ததாகத் தெரியவில்லை. அந்த நிலை நமக்கு வந்தால் நம்மிடம் என்ன இருக்கும்? எல்லா நிலைகளிலும் என்று ஆழ்வார் கேட்டாரே, அந்த நிலைக்கு நாம் சேர்த்து வைத்திருப்பது என்ன?

அந்த வாரமே ஒரு ஸ்வாமியிடம் சென்று, ஸந்தை சொல்லித்தரும்படி விண்ணப்பித்தோம். அறுபது கடந்தவனுக்கு இனி ஏறுமோ என்று தயங்கினோம். ஏறும் அளவு ஏறட்டும் என்று அருளினார். அவர் வேறூரில் எழுந்தருளியிருப்பவர். ஆகவே பாடம் நடப்பது நம் நேரத்தையெல்லாம் விழுங்கிய அதே கைப்பேசியில்! இங்கே காலை ஆறரை மணி. கலிபோர்னியாவில் உள்ள நம் பேரனுக்குக் கோடையில் முந்தைய நாள் மாலை ஆறு மணி. அவனும் சேர்ந்துகொண்டான். ஸ்வாமி ஒரு முறை சொல்ல, நாங்கள் இரு முறை திருப்பிச் சொல்ல வேண்டும். எல்லோரும் ஒரே சமயத்தில் சொன்னால் ஒலி முன்பின்னாக வந்து குழம்புகிறது. ஆகவே ஒருவர் சொல்லும்போது மற்றவர்கள் ஒலியை அடைத்துக்கொள்கிறோம். கருவியால் ஆசார்யனின் குரலைக் கொண்டுவர முடிகிறது, கோஷ்டியாகக் கூடிச் சொல்லும் ரஸத்தைக் கொண்டுவர முடியவில்லை. அதற்குக் கோயிலுக்குத்தான் போக வேண்டியிருக்கிறது. போகிறோம், கைப்பேசியை அகத்தில் வைத்துவிட்டு. மாதத்துக்கு ஒரு திருவாய்மொழி என்ற அளவில் பாடம் நகர்கிறது. தவறு செய்தால் திருத்துபவன் பெரும்பாலும் பேரன்.

திருவாராதனத்திலும் ஒரு மாற்றம் செய்துகொண்டோம். மோட்டாரும் எரிவாயுவும் அப்படியே இருக்கின்றன. கடையில் வாங்கிவந்த சந்தனப் பொடியை மட்டும் விட்டுவிட்டு, தகப்பனார் இழைத்த கல்லையும் கட்டையையும் பரணிலிருந்து இறக்கினோம். அதற்குப் பத்து நிமிஷம் ஆகிறது. கை சந்தனம் இழைக்கும்போது வாய் அன்றைய பாடத்தைச் சொல்லிப் பார்க்கிறது. கைங்கர்யத்துக்கென்று கை நீட்டியபோது, இல்லையென்று நாம் சொல்லிக்கொண்டிருந்த காலம் தானே வந்து சேர்ந்தது.

இத்தனை ஆண்டுகள் வீணாயினவே, இனிச் சேர்ப்பது எந்த மூலைக்கு என்று வருந்தும் பாகவதர்களுக்கு ஒன்று விண்ணப்பிக்கிறோம். முன்பு வங்கிச் சேமிப்புக் கணக்கில், மாதத்தின் பத்தாம் தேதி முதல் கடைசித் தேதி வரை இருந்த மிகக் குறைந்த இருப்புக்கு மட்டுமே வட்டி. இடையில் ஒரு நாள் பணம் எடுத்து இருப்பு குறைந்தால், மற்ற நாட்களில் இருந்த கூடுதல் தொகைக்கு வட்டி கிடையாது. 2010 ஏப்ரல் 1 முதல் ஒவ்வொரு நாள் இருப்புக்கும் தனித்தனியே வட்டி கணக்கிடும் முறை வந்தது. உலகத்துக் கணக்கே இப்படி இரங்கியது என்றால், எம்பெருமானின் கணக்கைச் சொல்லவும் வேண்டுமோ? தவறிய நாட்களைக் காட்டி அவன் நினைத்த நாட்களைத் தள்ளுபடி செய்வதில்லை. வராஹ சரம ச்லோகத்தில் அவனே வாக்களித்திருக்கிறான்: உடலும் மனமும் நல்ல நிலையில் இருக்கும்போது தன்னை நினைத்தவனை, அவன் கட்டைபோல் கிடக்கும் இறுதிக் காலத்தில் தான் நினைப்பதாக. கடைசியில் நினைக்கும் பொறுப்பை அவன் ஏற்றுக்கொண்டான். நல்ல நிலையில் நினைப்பது ஒன்றே நம்மிடம் விட்டது. கைகால்கள் ஓடும் இந்த நாட்களில், அந்த ஒன்றையும் கருவியின் தோளில் ஏற்றிவிடாமல் இருந்தால் போதும்.

ஆகவே பாகவதர்கள் தத்தம் அகத்தில் ஒரே ஒரு கைங்கர்யத்தைத் தேர்ந்துகொள்ள வேண்டும். துளசிக்குத் தீர்த்தம் சேர்ப்பதாகலாம், புஷ்பம் தொடுப்பதாகலாம், நாளொரு பாசுரம் நெஞ்சில் ஏற்றுவதாகலாம். மற்ற எல்லாவற்றுக்கும் எத்தனை வசதி வந்தாலும் ஆகாசகங்கையாக ஏற்றுக்கொள்வோம். அந்த ஒன்றை வாங்கிக்கொள்ள எது வந்தாலும், அனந்தாழ்வானின் கடப்பாரையை நினைத்துக்கொள்வோம்.

ஆழ்வார் எம்பெருமானார் ஜீயர் திருவடிகளே சரணம்.